முதல் போர்வைக்கு என்னென்ன வேண்டும்?

ஜாக்கெட் தைக்கத் தெரிந்த பெண்ணின் வீட்டில், ஒட்டுத்துணிப் போர்வைக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கும். ஈரோட்டில் தையல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, குயில்ட் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் இதைச் சொல்லி நம்பவைப்பதுதான் முதல் பாடம். ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். உருளைக் கத்தி, அதற்கொரு பச்சை மேட், நாலைந்து அக்ரிலிக் ஸ்கேல், பெரிய மேஜை, புது மோட்டார் மெஷின் எல்லாம் சேர்ந்த பிறகுதான் ஊசியைத் தொடவேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

"ஏனுங்க அக்கா, எல்லாத்துக்கும் பணம் நெறைய ஆகுமாட்ட இருக்குது. சீட்டு எடுத்தப்பறம் வரட்டுங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சீட்டுப் பணத்த வேற காரியத்துக்கு வெச்சுக்கோ கண்ணு. பீரோவுல கெடக்குற ஜாக்கெட் பிட்டையும் தையல் கத்தரியையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே வா" என்றேன்.

அவள் கேட்ட உருளைக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது 1979இல். அதற்கு முன்பு உலகத்தில் பிறந்த ஒட்டுப்போர்வைகள் பெரும்பாலும் கத்தரியால் வெட்டியவை, இல்லையென்றால் கையால் கிழித்தவை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து நைந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் பிரித்துப் போர்வை தைத்தார்கள். குளிருக்காகத் தைத்த அந்தப் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி தைக்கிறார்கள். பழைய புடவையைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, கைக்கு வந்த துண்டை ஓரம் மடித்து வைத்து, ஓட்டுத் தையல் போட்டபடியே ஓரங்களைச் சுற்றிச் சுற்றி உள்ளே நடுவுக்கு வருவார்கள். சட்டம் கிடையாது, அளவுகோல் கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த துணிப் பூ வைத்துத்தான் முடிப்பார்கள். ஊசி, நூல், கத்தரி என்ற மூன்றே சாமானில் எவ்வளவு அழகு செய்ய முடியும் என்பதற்கு அதற்கு மேல் எனக்கு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது சதுரம் சதுரமாக, மூலையோடு மூலை ஒட்டி நிற்கும் போர்வை. அதற்கு மூன்று விஷயம் பிசகக் கூடாது: வெட்டும் அளவு, தையலுக்கு விடும் அளவு, இஸ்திரி. கையில் காசு குறைவாக இருந்தால் இந்த மூன்றையும் காப்பாற்றும் சாமானுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்பது என் கட்சி.

துணிக்குக் கடைக்கே போக வேண்டாம். கொலுவுக்கும் வளைகாப்புக்கும் போய்வந்த வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ஜாக்கெட் பிட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். நாமும் பிறருக்கு வைத்துக் கொடுப்போம், அதுவே சுற்றி வேறொரு வீடு போகும். அந்தச் சுற்றிலிருந்து ஐந்தாறு பிட்டை எடுத்துவிடுங்கள். 80 சென்டிமீட்டர் பிட் என்றால் நீளம் 31½ அங்குலம். தைத்த பிறகு 4 அங்குலம் நிற்கும் சதுரத்துக்கு 4½ அங்குலத்தில் வெட்ட வேண்டும். கரையையும் கோணல் ஓரத்தையும் கழித்தாலும் ஒரு பிட்டில் 40 சதுரம் தாராளமாகத் தேறும். குழந்தைக்கு 36க்கு 48 அங்குலத்தில் போர்வை என்றால் குறுக்கே 9, நெடுக்கே 12, ஆக 108 சதுரம். மூன்று பிட்டிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஐந்தாறு பிட் எடுக்கச் சொல்வது நிறத்துக்காகத்தான்.

பருத்திதானா என்று பார்க்க ஓரத்து இழை ஒன்றை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டிமணியாகிவிடும். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். இஸ்திரிச் சூட்டில் ஒன்று தாங்கும், ஒன்று சுருங்கும். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் அலசியாக வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டால் தனியாக வையுங்கள், தண்ணீர் தெளியும்வரை திரும்ப அலசுங்கள். சுங்குடி போட ஆசைப்படுகிறவர்கள் இதில் பொறுமை காட்டியே தீரவேண்டும். மேலும் வேண்டுமானால் எங்கள் ஊர் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் கட்பீஸ் கிடைக்கும். திருப்பூர் பனியன் வேஸ்ட் அதைவிட மலிவுதான், ஆனால் முதல் போர்வைக்கு வேண்டாம். பின்னல் துணி இழுத்த பக்கமெல்லாம் நீளும், சதுரம் சதுரமாக நிற்காது.

இனி வெட்டும் சங்கதி. கத்தரியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தையல்கடைகளில் புழங்கும் மீரட் கத்தரி 8 அங்குலமோ 10 அங்குலமோ வாங்கினால் வாழ்நாளுக்கும் போதும், ஏனென்றால் அதைத் திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கலாம். பழைய வண்டிகளின் எஃகை உருமாற்றி அலகு செய்வது அந்த ஊர் வழக்கம். கழித்துப் போட்டதை வைத்துப் போர்வை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கத்தரி இருக்குமா என்று எனக்குத் தோன்றும். வாங்கும்போது நாலு மடிப்புத் துணியைக் கொடுக்கச் சொல்லி நுனியால் வெட்டிப் பாருங்கள். நுனி துணியைக் கடித்து இழுத்தால் கீழே வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டி, இது துணிக்கு மட்டும் என்று வீட்டார் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பால் பாக்கெட் வெட்டிய கத்தரியால் சதுரம் வெட்ட முடியாது.

கத்தரிக்கு அதிகம் வேலை வைக்காத வழி ஒன்று உண்டு. பாப்ளின் மாதிரி நெருக்கமாக நெய்த துணியில் ஓரத்தில் அரை அங்குலம் வெட்டிவிட்டு இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தால், அது இழையோடு இழையாக நேராகப் போகும். எந்த ஸ்கேலும் இவ்வளவு துல்லியமாக இழையைக் கண்டுபிடிக்காது. நீளப் பட்டைகளாக முதலில் கிழித்துக்கொண்டு, ஓரத்தை இஸ்திரி போட்டு மட்டம் செய்து, பிறகு சதுரமாக வெட்டுங்கள். கிராஸாக வெட்டிய துண்டு கை பட்ட இடமெல்லாம் நீளும் என்பது ஜாக்கெட் தைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. போர்வையில் அது நூறு மடங்காகப் பழிவாங்கும்.

அளவுக்கு 24 அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். இஞ்ச் டேப்பை நம்பாதீர்கள். கழுத்தில் போட்டு இழுத்து இழுத்து அது நாளடைவில் நீண்டிருக்கும். ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஒரு போர்வைக்கு ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே ஸ்கேலைப் பயன்படுத்துங்கள். இரண்டு ஸ்கேலின் கோடுகள் சரியாக ஒத்துப்போவது அபூர்வம்.

108 சதுரத்தையும் ஸ்கேல் வைத்தே அளந்துகொண்டிருக்க முடியாது. அதற்கு அச்சு அட்டை வேண்டும். கல்யாணப் பத்திரிகைகளில் கெட்டி அட்டையாகப் பார்த்து 4½ அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது சதுரம் வரைந்ததும் பென்சில் உரசி ஓரம் தேயும், அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தால் அதைவிடச் சிறப்பு, அவ்வளவு சீக்கிரம் தேயாது. பின்பக்கம் உப்புத்தாள் துண்டு ஒட்டிவிட்டால் துணிமேல் வழுக்காது. மூலை 90 பாகைதானா என்று சோதிக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். எழுதும் தாளின் மூலையை மேலே வைத்துப் பாருங்கள். பெரிய அளவில் சோதிக்க, தரையில் ஒட்டியிருக்கும் 2 அடி டைல்ஸின் கோடு இருக்கிறது. டைல்ஸ் போட்ட தரை எனக்கு எந்த வெட்டு மேஜையையும் விட உதவியிருக்கிறது.

கோடு போடத் தேய்ந்துபோன குளியல் சோப்புத் துண்டு போதும். கத்தி மாதிரி ஓரம் சீவிக்கொண்டால் கோடு மெல்லிசாக விழும், தண்ணீரில் போய்விடும். வெளிர் துணிக்குக் கூர் சீவிய பென்சில். பால்பாயின்ட் பேனா துணிப்பக்கமே வரக் கூடாது.

மெஷின் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டி காலத்துக் கறுப்புக் கால்மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வழிமறித்துவிடுவேன். துண்டுகளை இணைக்க நேர்த்தையல் ஒன்றே போதும். நேர்த்தையல் மட்டும் போடும் அந்த மெஷினில் ஊசி இறங்கும் ஓட்டை சின்ன வட்டமாக இருக்கும். ஜிக்ஜாக் மெஷினில் ஓட்டை அகலம், அதனால் சதுரத்தின் மூலை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கால்மெஷினில் வேகமும் நம் பாதத்தின் பிடியில் இருக்கிறது. எண்ணெய் விட்டு, ஷட்டிலில் சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் எடுத்து, பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்கிப் போட்டால் எந்தப் புது மெஷினுக்கும் அது இளைத்ததில்லை.

போர்வை கெட்டுப்போவதும் உருப்படுவதும் தையலுக்கு விடும் அளவில்தான். கால் அங்குலம், அதாவது இரண்டு நூல். தச்சர் வீட்டுப் பெண்களுக்கு நூல் கணக்கு சொல்லித்தரத் தேவையே இல்லை, எட்டு நூல் ஓர் அங்குலம் என்று பிறந்ததிலிருந்து கேட்டிருப்பார்கள். அரை நூல் கூடப் பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு தையலில் இரண்டு துண்டு சேர்கிறது, இரண்டிலும் அரை அரை போனால் ஒரு நூல். 9 சதுரம் சேர்ந்த வரிசையில் 8 தையல். வரிசை முடியும்போது ஓர் அங்குலமே காணாமல் போயிருக்கும்! எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி போனால் போர்வை சற்றுச் சிறுக்கும், அவ்வளவுதான். ஒரு வரிசையில் போய், அடுத்ததில் போகாவிட்டால்தான் மூலைகள் ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நிற்கும்.

இதற்காக, துணியை அழுத்திப் பிடிக்கும் பூட் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். அதை வாங்காமலே காரியம் நடக்கும். ஸ்கேலைப் பூட்டுக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசி நுனி கால் அங்குலக் கோட்டின்மேல் இறங்கும்படி செய்யுங்கள். ஸ்கேலின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே மெஷின் தட்டின்மேல் மின்சாரக்காரர் ஒட்டும் இன்சுலேஷன் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும், கண் பார்க்க வேண்டியது ஊசியை அல்ல, அந்த மேட்டைத்தான். சரியாக ஒட்டினோமா என்று தெரிய, 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி இணைத்து இஸ்திரி போட்டுவிட்டு நடுப்பட்டையை அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், கூடினால் தள்ளி வையுங்கள். புதிதாக வருகிறவர்களை இந்தப் பட்டை சரியாக வரும்வரை நான் சதுரத்தைத் தொட விடுவதில்லை. சிலருக்கு முகம் வாடும். மூலை சேர்ந்த முதல் வரிசையைப் பார்த்ததும் அந்த வாட்டம் போய்விடும்.

ஒவ்வொரு ஜோடியாகத் தைத்து நூலை வெட்டாதீர்கள். ஒரு ஜோடி முடிந்ததும் அடுத்த ஜோடியை அப்படியே ஊட்டிவிடுங்கள், பூச்சரம் மாதிரி தொடர்ந்து வரும். கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆரம்பத்தில் ஒரு கந்தைத் துண்டில் நாலு தையல் ஓட்டிவிட்டுத் துணிக்குள் நுழைந்தால் அடிநூல் சிக்குப் போடாது.

மெஷின் ஊசி 14ஆம் நம்பர் போடுங்கள். தையல்கடைகளில் வழக்கமாகக் கிடக்கும் 16 ஜாக்கெட் பிட்டுக்குக் கொஞ்சம் தடிமன். போர்வைக்கு ஒரு புது ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய ஊசி டக் டக்கென்று சத்தம் போட்டே காட்டிக்கொடுக்கும். கைத்தையலுக்குப் போனி ஊசி. நீலகிரியில், ஊட்டிக்குப் போகும் வழியில் இருக்கும் கேத்தியில் தயாராகும் ஊசி அது, எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும். பல அளவு கலந்த பாக்கெட்டாக வாங்கிக் குட்டை ஊசியைப் போர்வைக்கு எடுத்துவையுங்கள். நீள ஊசியில் சின்னத் தையல் வராது. நடுவிரலுக்கு ஓர் இரும்பு விரல் தொப்பி. மூன்று அடுக்குத் துணியில் ஊசியைத் தள்ளும்போது அது இல்லாமல் விரல் தாங்காது.

நூல் விஷயத்தில் மலிவைத் தேடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இழுத்தால் பட்டென்று அறுகிற நூலில் நூற்றுக்கணக்கான தையல் போட்டு என்ன பயன்? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பிசிர் அதிகமிருந்தால் வேண்டாம். நிறத்துக்கு நிறம் நூல்கண்டு வாங்குவதுதான் வீண் செலவு. நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்று போதும், எல்லாத் துணிக்குள்ளும் அடங்கிவிடும். கைத்தையலுக்கு அதே நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் சிக்காது.

இஸ்திரிப் பெட்டி கனமாக இருந்தால் நல்லது, நீராவி வேண்டியதில்லை. மேஜைமேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, மேலே வேட்டி விரித்தால் அதுவே இஸ்திரி மேஜை. சட்டைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்து ஓட்டக் கூடாது. வைத்து அழுத்தி, தூக்கி, நகர்த்தி வைக்க வேண்டும். தேய்த்தால் சதுரம் நீளும், இவ்வளவு நேரம் காப்பாற்றிய அளவெல்லாம் போய்விடும். முதலில் தைத்தபடியே மூடி வைத்து அழுத்துங்கள், பிறகு விரித்து, தையல் விளிம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். ஒரு வரிசையில் வலம், அடுத்த வரிசையில் இடம் என்று சாய்த்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மேடும் மேடும் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். குண்டூசிகூடத் தேவைப்படாது.

நடுவில் வைக்கும் அடுக்குக்குத் தேடி அலைகிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்குப் பழைய பருத்திப் பெட்ஷீட்டோ, இரட்டை வேட்டியை மடித்ததோ போதும். மார்கழிக் குளிருக்கென்றால் மெல்லிய கம்பளி வைக்கலாம். சோபா தைக்கும் கடைகளில் பாலியஸ்டர் வாடிங் மீட்டர் கணக்கில் கிடைக்கும், லேசாக இருக்கும், சீக்கிரம் காயும். போடிப் பக்கத்து இலவம் பஞ்சு தலையணைக்குத் தங்கம், போர்வைக்கு வேண்டாம். துவைத்தால் திரண்டு மூலைக்குப் போய்விடும்.

அடித்துணியைக் கவிழ்த்துத் தரை டைல்ஸில் விரித்து ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். தொய்வில்லாமல் இருக்க வேண்டும், இழுபடவும் கூடாது. மேலே நடு அடுக்கு, அதற்கு மேல் தைத்த முகப்பு. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறாற்போல் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஓர் ஊக்கு. தாலிச்சரடில் கோத்து வைத்திருக்கும் ஊக்கையெல்லாம் அம்மாவும் அத்தையும் கழற்றித் தந்து முடித்த போர்வைகளை நான் பார்த்திருக்கிறேன். துரு ஏறியதை மட்டும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். நெருக்கமாக ஊக்கு குத்தியிருந்தால் வளையமும் சட்டமும் இல்லாமலே கையால் ஓட்டுத் தையல் போடலாம். பொறுமை குறைந்தவர்கள் சதுரத்தின் மூலைக்கு மூலை தடித்த நூலால் முடிச்சுப் போட்டாலும் போதும், போர்வை பிடித்து நிற்கும்.

உருளைக் கத்தியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு அடுக்கை வெட்டும், மணிக்கட்டு வலிக்காது. மூன்று போர்வை முடித்து, இந்த வேலை விடாது என்று தெரிந்த பிறகு 45 மில்லிமீட்டர் அளவில் வாங்குங்கள். அந்தப் பச்சை மேட்டையும், தடித்த அக்ரிலிக் ஸ்கேலையும் சேர்த்தே வாங்க வேண்டும். மெல்லிய ஸ்டீல் ஸ்கேலின்மேல் அந்தக் கத்தி ஏறி விரலுக்கு வந்துவிடும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் 6க்கு 24 அங்குலத்தில் அக்ரிலிக் பலகை வெட்டித் தரச் சொன்னால் ஸ்கேல் செலவு குறையும், கோட்டை நாமே கீறிக்கொள்ளலாம்.

போர்வை முடிந்ததும் விரல் அகலத்தில் கொஞ்சம் கந்தல் மிஞ்சும். அதையும் எறிய வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகத் தாளை 6 அங்குலச் சதுரமாக வெட்டி, அதன்மேல் இந்தப் பட்டைகளைக் குறுக்காக ஒன்றையொட்டி ஒன்றாகத் தாளோடு சேர்த்துத் தையுங்கள். தாள் பிடித்திருப்பதால் கிராஸாக வெட்டியதும் நீளாது, அகலம் ஒத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓரத்தைத் தாள் அளவுக்கு வெட்டிவிட்டுத் தாளைக் கிழித்தெடுத்தால் ஒரு கட்டம் தயார். தினசரித்தாள் வேண்டாம், அதன் மை வெளிர் துணியில் ஒட்டும். தையலை மட்டும் வழக்கத்தைவிட நெருக்கமாக வையுங்கள், அப்போதுதான் தாள் நோகாமல் கிழியும்.